ஒத்திகை பார்க்காத கடைசிக் காட்சி

என் பெரியப்பாவின் இருமல் மூன்று பகுதிகள் கொண்டது. முதலில் தொண்டைக்குள்ளேயே ஒரு செருமல், யாரோ கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திறக்காமல் போவது போல. அடுத்து உலர்ந்த ஒரு ‘க்ஹும்’, அது முற்றம் தாண்டித் தெருக்கோடிவரை கேட்கும். கடைசியில் ஒரு சின்னப் பெருமூச்சு, ‘உங்களுக்கெல்லாம் இருமிக் காட்ட வேண்டியிருக்கிறதே’ என்கிற சலிப்போடு. இந்த இருமலைப் பெரியப்பாவிடமிருந்து கேட்டதைவிட என் அப்பாவின் வாயிலிருந்து நான் கேட்டதுதான் அதிகம். அப்பாவுக்கு இருமல் வியாதி எதுவும் கிடையாது. ஒரு பங்குனி, சித்திரை முழுக்க அவர் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடியில் நின்றுகொண்டு தன் அண்ணனைப் போல இருமிப் பழகினார். முதல் பகுதி சீக்கிரம் வந்துவிட்டது. அந்தப் பெருமூச்சுக்குத்தான் ரொம்பப் பாடுபட்டார்.

“சனியன், இருமலுக்குமா ஒத்திகை? நெசமாவே வந்து தொலைக்கப் போவுது” என்று அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொல்வாள். பதிலுக்கு அப்பா இருமுவார்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. எங்கள் ஊர் நாடக மன்றத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கும் தம்பி பேசினார். பொறியியல் படித்து, சிங்கப்பூர் போய், அங்கே சலித்து, ஊருக்குத் திரும்பி, ஊரை முன்னேற்றுவது என்று முடிவெடுத்துவிட்ட நல்ல பிள்ளை. “சார், மன்றத்துக்குப் பொன்விழா சார். மேடைக்கலை நம்ம ஊரை எப்படி ஒண்ணாச் சேர்த்துச்சுன்னு மலருக்கு நீங்க ஒரு கட்டுரை குடுக்கணும் சார். நகைச்சுவையா இருந்தா நல்லது.”

“ஒண்ணாச் சேர்க்கலையே தம்பி.”

“ஹஹ்ஹா! அதான் சார், இதே மாதிரி.”

நகைச்சுவை எழுதுகிறவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் ஆட்கள் கைதட்டுகிறார்கள். ஆகவே மலருக்கு எழுதவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

நீடாமங்கலத்துக்கும் குடவாசலுக்கும் நடுவே, எந்த ஊருக்குப் போகிற பேருந்தும் ‘இங்கேயா நிற்கணும்?’ என்று யோசித்துவிட்டு நிற்கிற ஊர் எங்களுடையது. அங்கே அரிசி ஆலையின் முன்னறையில் இருந்தது ‘இளைஞர் நற்பணி நாடக மன்றம்’. இளைஞர்களில் மிக இளையவருக்குப் பேரன் பிறந்திருந்தான். பெயர்ப் பலகையின் கீழே சிவப்பு எழுத்தில் ‘லாப நோக்கமற்றது’ என்று எழுதியிருந்தார்கள். லாபத்தை நோக்காமல் இருப்பதற்கு அவர்கள் ஒரு சிரமமும் பட்டதாகத் தெரியவில்லை, லாபமும் அந்தப் பக்கம் ஏறிட்டுப் பார்த்ததில்லை. டிக்கெட் கிடையாது. சம்பா அறுவடை முடிந்து, ஆறு மணலாகி, ஆட்களுக்கு வேலையில்லாமல் வாய் மட்டும் மிச்சமிருக்கிற அந்தக் கோடையில், ஆலையின் நெல் காயப்போடும் களத்தில் மேடை போடுவார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த சிமிண்டுத் தரை சாயங்காலத்திலும் சுடும். முதல் இரண்டு காட்சிவரை கூட்டம் எழுந்து எழுந்து உட்காரும். மேடையில் நடிப்பவர்கள் அதை ஆரவாரம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நாடகத்தின் பெயர் வருடாவருடம் மாறும், கதை மாறாது. ஓர் அண்ணன், ஒரு தம்பி, நடுவில் ஒரு தங்கை. பாகம் பிரிப்பார்கள், பகை வரும், தங்கை நோயில் விழுவாள், கடைசிக் காட்சியில் எல்லோரும் ஒன்று சேர்வார்கள். முடிவு தெரிந்த கதைக்கு எதற்கு இத்தனை கூட்டம் என்று நீங்கள் கேட்கலாம். கூட்டம் கதை பார்க்க வரவில்லை. அண்ணன் வேஷம் கட்டியவரை எங்கள் ஊரில் யாரும் அண்ணனாகப் பார்த்தது கிடையாது, போன ஐப்பசியில் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்ட அடுத்த வயல்காரராகத்தான் பார்த்தார்கள். தாய் இறந்த காட்சியில் ஒருவர் கதறி அழுதால் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வரும்: “அழுவுறதப் பாரேன். மாமியா செத்தப்ப இந்தக் கண்ணீரு எங்கடி போயிருந்துச்சு?” ஊரில் எங்கெங்கே பகை இருக்கிறது என்று தேடி, அதற்கு அரிதாரம் பூசி, விளக்குப் போட்டுக் காட்டுவதுதான் மன்றம் ஊருக்குச் செய்த தொண்டு. அதை இலவசமாகவும் செய்தார்கள்.

எங்கள் வீட்டுப் பகையை அவர்கள் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை, ஏனென்றால் அதை உண்டாக்கியவரே மன்றத்தின் செயலாளர்தான். உரக்கடை வேதாசலம். எந்நேரமும் யூரியா வாசமும் கண்களில் ஈரமும் உள்ள மனிதர். என் தாத்தா போன பிறகு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரித்துவைத்த பஞ்சாயத்தில் அவர் நடுநாயகம். நிலத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், அண்டாவைப் பிரித்தார்கள். ஆற்றோரம் குழாய் இறக்கிப் போட்டிருந்த ஆயில் இன்ஜினை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது பொது என்று வைத்தார்கள். பொது என்றால் நாளைக்குச் சண்டை வருமே? வேதாசலம் அதற்கும் வழி சொன்னார்: இன்ஜின் கொட்டகைச் சாவி பெரியவரிடம், இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற ஹேண்டில் சின்னவரிடம். “ஒருத்தரு இல்லாம ஒருத்தருக்குத் தண்ணி கிடையாது. அப்பறம் எங்கேருந்து சண்டை? நீரடிச்சு நீர் விலகாதுங்க!”

இந்தப் பழமொழியைச் சொன்னவர் கண்டிப்பாக டெல்டாக்காரராக இருக்க முடியாது. மதகு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் ஹேண்டில் போய்ச் சேர அரைநாள் தாமதமாகி, பெரியப்பாவின் நாற்று கொஞ்சம் காய்ந்தது. மறுவருடம் சாவியை எங்கே வைத்தோம் என்று பெரியப்பாவுக்கு நினைவு வர ஒரு வாரம் ஆயிற்று, அதற்குள் எங்கள் நாற்று சருகாகிவிட்டது. அதோடு பேச்சு நின்றது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு, ஒருவர் தும்மினால் இன்னொருவர் விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிற அளவுக்குப் பகை. இன்ஜின் கொட்டகைக்குள் கிடந்தது, ஹேண்டில் எங்கள் நெற்குதிருக்குப் பின்னால் சாக்கில் சுற்றிக் கிடந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் இன்ஜினை வாடகைக்கு எடுத்து இரண்டு வீடும் சமாளித்தார்கள். நான் சொல்கிற அந்த வருடம் மாசியில் அவரும் இன்ஜினை விற்றுவிட்டார். மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு வந்து சேர்வதற்குள் நாற்று விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் குறுவை கிடையாது. குறுவை கிடையாது என்றால் என் அக்காவின் கல்யாணம் கிடையாது, ஏனென்றால் தை மாதம் என்று பேசி முடித்திருந்த அந்தக் கல்யாணம் குறுவை நெல்லின் மேல் நின்றது. ஆக, அக்காவின் தாலி ஒரு சாவிக்கும் ஒரு ஹேண்டிலுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அந்த நாட்களில் பெரியப்பா வீட்டுச் சுவரைப் பார்த்தபடியேதான் கோலம் போடுவாள்.

இந்த நிலையில்தான் வேதாசலத்துக்கு இரண்டாவது யோசனை வந்தது. முதல் யோசனையே ஒரு குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியிருக்கிறதே என்று ஒரு மனிதன் கூச்சப்பட வேண்டாமா? நல்லது செய்கிறவர்களுக்குக் கூச்சம் இருப்பதில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “சின்னவரே, இந்த வருசம் நீங்களும் அண்ணனும் சேந்து நடிக்கணும். அவருகிட்ட கேட்டுப் பாத்தேன். தம்பி எதுர்ல வந்து நின்னா எனக்கு வசனம் வராதுய்யாங்கிறாரு. பயப்படுறாரு.” பிறகு சுவரைச் சுற்றிப் போய்ப் பெரியப்பா வீட்டில் காபி வாங்கிக் குடித்துவிட்டு அதையே அப்பாவின் பெயரில் சொன்னார். எங்கள் பரம்பரையில் பெரிய வீரம் எதுவும் கிடையாது. ஆனால் எதிராளி பயப்படுகிறான் என்று கேள்விப்பட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டோம். இரண்டு பேரும் அன்று மாலையே சம்மதித்தார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் வெறும் நாடகமாகப் போயிருக்கும். வேதாசலம் வேஷத்தை மாற்றிப் போட்டார். அண்ணனான பெரியப்பா நாடகத்தில் தம்பி. தம்பியான அப்பா நாடகத்தில் அண்ணன். மன்றத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை டெய்லர் ரஹீம் பாயுடையது. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அவர் எடுத்துக் கொடுக்கும் வசனம் களத்தின் கடைசி வரிசைவரை கேட்கும், ஆகையால் எங்கள் ஊர்க்காரர்கள் எந்த வசனத்தையும் இரண்டு தரம் கேட்கிற பாக்கியம் பெற்றவர்கள். அவர்தான் கேட்டார், “எதுக்குங்க இந்த மாத்தல்?”

“இவரு கஷ்டம் அவருக்குத் தெரியணும் பாய், அவரு கஷ்டம் இவருக்குத் தெரியணும். தெரிஞ்சா மனசு மாறும்.”

“மாறலேன்னா?”

“மாறலேன்னாலும் நாடகம் நல்லா வரும்.”

தங்கை வேஷம் எனக்கு. என் திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். காரணமே இல்லாமல் அழக்கூடிய பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் இருந்தது. பாவாடை, தாவணி, பாச்சை உருண்டையும் போன வருடத்து வேர்வையும் மணக்கிற ஒரு சடை. அந்தச் சடையில் மல்லிகை வைத்தால் மல்லிகைதான் தோற்கும்.

ஒத்திகையில் முதல் நாள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் என் தலைக்கு மேலாக வசனம் பேசினார்கள். நான் நடுவில் நின்று, எச்சில் தெறிப்பதை வைத்து யாருடைய முறை என்று தெரிந்துகொண்டேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, “தம்பி, இந்தக் குடும்பத்துக்கு மூத்தவன் நான்” என்கிற வசனத்துக்கு முன்னால் அப்பா லேசாகச் செருமினார். அது அவருடைய செருமல் இல்லை. களத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள். அப்பா இன்னொரு முறை செருமினார், இந்த முறை முழு இருமல். சிரிப்பு வெடித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. தன் வசனம் வந்ததும் துண்டை உதறி இடது தோளில் போட்டு, வலது கையால் இடது காதுக்குப் பின்னால் சொறிந்தபடி, “எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே” என்றார். அப்பா எப்படியெல்லாம் இருப்பார் என்பது முழுவதும் அதில் இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அந்தக் காட்சியில் நான் அழ வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஒத்திகை அல்ல, ஆயுதம் தீட்டுதல். ஒரு மனிதனை அவன் பெண்டாட்டிக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியும் என்பார்கள். அவனோடு பேசாமல் இருக்கிற கூடப்பிறந்தவனுக்குத் தெரிகிற அளவுக்கு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவனுக்குக் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் தவிர வேறு வேலை இல்லை. பெரியப்பா இடுப்புச் சாவியை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது, தண்ணீர் குடித்தபின் நாக்கைச் சப்புக்கொட்டுவது, ‘பார்க்கலாம்’ என்று சொல்லும்போது எதையும் பார்க்காமல் கூரையைப் பார்ப்பது எல்லாவற்றையும் அப்பா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பக்கமும் களஞ்சியம் நிரம்பித்தான் இருந்தது.

மன்றத்துக்கு ஓர் ஐதீகம் உண்டு. கடைசிக் காட்சியை ஒத்திகை பார்க்க மாட்டார்கள். ஒத்திகையில் கதை முடிந்துவிட்டால் மேடையில் முடியாது, ஏதாவது அசம்பாவிதம் வரும் என்று நம்பிக்கை. கடைசிக் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதானே, தங்கை இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்துவைப்பாள், தம்பி அண்ணன் காலில் விழுவான், அண்ணன் தூக்கி அணைப்பான், திரை. வருடாவருடம் வருவது. ஆகவே அந்த வருடமும் அதற்கு முந்தின காட்சியோடு வேதாசலம், “இதோட நிறுத்திக்கலாம்” என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். வேஷத்தை மாற்றிய அவரோ, வசனத்தைக் கையில் வைத்திருந்த பாயோ, நடித்த இரண்டு பேரோ, பார்த்துக்கொண்டிருந்த பாதி ஊரோ, மாற்றிய வேஷத்தில் அந்தக் கடைசிக் காட்சி என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் ஆலோசனை சொல்ல ஆள் உண்டு, யோசிக்க ஆள் இல்லை.

நாடகத்தன்று களம் கொள்ளவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆர்மோனியக்காரர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் எங்கள் நாடகம் எப்போதும் விளக்கு வைத்ததும் தொடங்கிவிடும். முன்வரிசையில் ஒரு கோரைப்பாயில் அம்மாவும் அக்காவும், கொஞ்சம் தள்ளி இன்னொரு பாயில் பெரியம்மா. அப்பா மேடையேறி முதல் இருமலை இருமியதும் களம் இரண்டுபட்டது. சிரித்துச் சிரித்துப் புரையேறியவர்களில் பெரியம்மாவும் ஒருத்தி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பிறகு பெரியப்பா காதுக்குப் பின்னால் சொறிந்தார். அம்மா சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். அக்காவிடம் குனிந்து, “ஏண்டி, அது உங்கப்பாரு பொய் சொல்றப்பத்தான சொறிவாரு?” என்றாள். கேட்கக் கூடாதவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்பாவால் நிம்மதியாக ஒரு பொய் சொல்ல முடிந்ததில்லை.

ஒவ்வொரு காட்சிக்கும் சிரிப்பு கூடியது, இருவர் முகமும் இறுகியது.  பெரியப்பா வசனத்தில் இல்லாததையெல்லாம் பேச ஆரம்பித்தார். “அரைநாள்தானண்ணே தாமதம்? நாத்துதான காஞ்சுது? உன் உசுரா போச்சு?” அப்பா தன் இடுப்பில் இல்லாத சாவியைத் தட்டிக்கொண்டு, “எங்க வச்சேன்னே தெரியல தம்பி. ஒரு வாரமாத் தேடுறேன்” என்றார். ரஹீம் பாய் திரைக்குப் பின்னால் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எங்கிட்ட இல்லீங்க” என்றார், அதுவும் களம் முழுக்கக் கேட்டது.

கடைசிக் காட்சி வந்தது. நான் நோயிலிருந்து எழுந்து இருவர் கையையும் பிடித்தேன். இரண்டு கைகளும் வேர்த்திருந்தன, ஒன்றை ஒன்று தொடாமல் இருப்பதற்கு என் கைகளுக்குள் முறுக்கிக்கொண்டன. பாய் எடுத்துக் கொடுத்தார்: “அண்ணா, என்னை மன்னித்துவிடு. விழுங்க.”

பெரியப்பா அசையவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. காலில் விழ வேண்டிய ‘தம்பி’ மூத்தவர். நிற்க வேண்டிய ‘அண்ணன்’ இளையவர். மூத்தவர் இளையவர் காலில் விழுந்தால், விழுந்தவருக்கு ஒன்றுமில்லை, நின்றவருக்கு ஆயுசு குறையும். எங்கள் பக்கத்தில் இதைக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டிருந்த களத்தில் இப்போது விளக்கை மொய்த்த பூச்சிகளின் இரைச்சல் மட்டும்.

பெரியப்பா மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. எதிரிக்கு வைத்திருந்த ஆயுதங்களையெல்லாம் தீர்த்துவிட்ட ஒருவனுக்கு, காலடியிலேயே பீரங்கி ஒன்று கிடைத்த சிரிப்பு அது. துண்டை இடுப்பில் கட்டினார். கைகளைக் குவித்தார். மிகப் பணிவாக, மிக மெதுவாக, அப்பாவின் காலை நோக்கிக் குனியத் தொடங்கினார்.

“ஐயோ, வேணாம்!” அம்மா எழுந்துவிட்டாள். “பெரியவரே, வேணாங்க! எந்தாலிங்க!”

அப்பா பின்னால் துள்ளினார். பெரியப்பா குனிந்தபடியே ஓரடி முன்னால் வந்தார். அப்பா ஆர்மோனியத்தைச் சுற்றி ஓடினார், பெரியப்பாவும் கூப்பிய கையோடு குனிந்தவாக்கிலேயே துரத்தினார். “அண்ணா! என்னை மன்னிச்சுடுண்ணா! நில்லுண்ணா!” நான் அப்பாவின் கையை விடாமல் பிடித்திருந்தேன், அதாவது விட மறந்திருந்தேன். ஒரு சுற்றில் என் சடை கழன்று ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. பெரியம்மா தன் பாயிலிருந்து, “எந்திரிங்க, சின்னப்புள்ள மாரி! சொந்தத் தம்பியச் சாவடிக்கவா வேசங் கட்டுனீங்க?” என்று கத்தினாள். “விழுங்க! இல்லீங்க, விழாதீங்க!” என்று பாய் இரண்டையும் ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தார். வேதாசலம் திரைக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அந்தத் திரை எந்த வருடமும் இழுத்தவுடன் விழுந்ததில்லை.

மேடை மூலையில் அப்பாவுக்கு ஓட இடமில்லாமல் போயிற்று. பெரியப்பாவின் விரல்கள் அவர் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டன. அப்பாவுக்கு ஒரே வழிதான் இருந்தது. நிற்கிறவன் காலில்தான் விழ முடியும். அவர் நிற்பதை நிறுத்தினார். மரம் சாய்கிற மாதிரி நெடுஞ்சாண்கிடையாகத் தன் அண்ணனுடைய காலில், முந்திக்கொண்டு, விழுந்தார்.

பெரியப்பா நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் சொந்த இருமலை மேடையில் இருமினார். திரை விழுந்தது.

களம் எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் அழுதார்கள். “ஒண்ணு சேந்துட்டாங்க!” என்று யாரோ கத்தினார்கள். வேதாசலம் திரைக்குள் ஓடிவந்து, தரையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் சொன்னேன்ல? நீரடிச்சு நீர் விலகாது!” என்றார். எத்தனையோ பேரின் பெரிய முட்டாள்தனங்களைப் பிற்காலத்தில் புத்தகங்களில் படித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் அந்த மனிதர் முகத்தில் இருந்த திருப்திக்கு ஈடாகவில்லை.

மறுநாள் காலை மன்றத்தார் மேளம் வைத்து, மாலையோடு வந்தார்கள். இரண்டு சகோதரர்களையும் அழைத்துக்கொண்டு போய் ஆற்றோரக் கொட்டகையைத் திறந்து, இன்ஜினை ஓட்டிக் குறுவைக்குத் தண்ணீர் விடுவதென்று ஏற்பாடு. போட்டோக்காரரும் இருந்தார். அக்கா ஒரு குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள், முதல் தண்ணீருக்குத் தெளிக்க. பெரியப்பா வெளுத்த வேட்டியில் வந்து பூட்டைத் திறந்தார். ஜெயித்தவருக்குப் பெருந்தன்மை எளிது. “வாடா” என்றார் அப்பாவைப் பார்த்து. நாடகத்தில் இல்லாத, இருவருக்கும் பொதுவான ஒரு சொல், பல வருடத்துக்குப் பிறகு.

“ஹேண்டில் எங்க சின்னவரே?” என்றார் வேதாசலம்.

அப்பா வெறுங்கையோடு நின்றார். கொட்டகைக்குள் இருந்த இன்ஜினைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு இருமினார். செருமல், ‘க்ஹும்’, பெருமூச்சு. அவ்வளவு சுத்தமாக அவர் மேடையில்கூடச் செய்யவில்லை. திரும்பி நடந்தார்.

நெற்குதிருக்குப் பின்னால் சாக்கு மட்டும் இருந்தது. ஹேண்டிலை என்ன செய்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கும்பகோணத்தில் ஏதாவது பட்டறையில் சொன்னால் வேறொன்று அடித்துத் தந்திருக்க மாட்டார்களா என்று நீங்கள் நினைப்பீர்கள். அடித்துத் தந்திருப்பார்கள். ஆனால் வேறு ஹேண்டில் வாங்குவது என்றால் தம்பி ஜெயித்தான் என்று பெரியப்பா ஒப்புக்கொள்வது. இன்னோர் இன்ஜின் தேடுவது என்றால் அண்ணன் ஜெயித்தான் என்று அப்பா ஒப்புக்கொள்வது. குறுவை போடாமல் இரண்டு பேர் நிலமும் வெடித்துக் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் தை மாதத்துக்கு மேல் காத்திருக்கவில்லை. அக்கா அன்றைக்கே அந்தக் குடத்து மஞ்சள் தண்ணீரை வாசல் முருங்கைக்கு ஊற்றினாள், பிறகு கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை, அதாவது எங்கள் குடும்ப வழக்கப்படி. வேறு மாப்பிள்ளை பின்னால் வந்தார். அவரைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், அக்கா இதைப் படிப்பாள்.

ஆனால் மன்றத்துக்கு அது பொற்காலம். ‘பகைவரை இணைத்த மேடை’ என்று நாடகத்தன்று எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அப்பா விழுந்து கிடக்கிறார், பெரியப்பா நிற்கிறார், நடுவில் கிராப்புத் தலையும் தாவணியுமாக நான். பிறகும் பல வருடம் ஊர் கேட்டுக்கொண்டதற்காக இரண்டு பேரும் மேடையேறினார்கள், கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டு. மேடையில் ஒருவரையொருவர் கிழித்துவிட்டு இறங்கி, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் அவர்களிடம் இருந்தது வெறும் மௌனம். மௌனம் ஒருநாள் அலுத்துப்போய்க் கலையலாம். கைதட்டல் வாங்கிய பகை கலையாது.

பெரியப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மன்றத்தார் ‘ஒற்றுமையின் சின்னம்’ என்று பிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டியிருந்தார்கள். அப்பா துக்கத்துக்குப் போனார். கால்மாட்டில் நின்றார். “அண்ணன் காலத் தொட்டுக் கும்புட்டுக்கப்பா” என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஒருதடவ விழுந்தாச்சு” என்றார்.

இப்போது அங்கே ஆலை இல்லை, களம் கல்யாண மண்டபமாகிவிட்டது. ஆற்றோரக் கொட்டகை சரிந்து, இன்ஜினைப் பழைய இரும்புக்காரர் ஹேண்டில் இல்லாமலேயே எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நிலத்திலும் தனித்தனி மின்மோட்டார் ஓடுகிறது, யாருக்கும் யாரும் தேவையில்லை. ஊரில் இப்போது சண்டை வந்தால் வாட்ஸப் குழுவை விட்டு விலகுகிறார்கள். அவ்வளவுதான் முடிகிறது அவர்களால். ஒருவர் எப்படி இருமுவார் என்று அடுத்தவருக்குத் தெரியாது.

கட்டுரை தர முடியாது என்று சொன்னதும் சிங்கப்பூர் தம்பி வேறு யோசனை சொன்னார். மன்றத்துக்காரர்களுக்கு அது ரத்தத்தில் வருகிறது. “பரவாயில்ல சார். பொன்விழா மேடையில அந்தக் கடைசிக் காட்சிய மட்டும் மறுபடி போடலாம் சார். உங்க அப்பா அதே மாதிரி விழட்டும். பெரியவரு எடத்துல நீங்க நின்னுக்கங்க. குடும்பமா இருக்கும், டச்சிங்கா இருக்கும்.”

பெற்ற தகப்பன் மகன் காலில். நாடகத்தை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்க்கிற வழக்கம் அந்த மன்றத்துக்கு இன்னும் வரவில்லை. போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டிவிட்டார். அன்றைக்கு முந்திக்கொண்டு விழுந்ததால்தான் இத்தனை ஆயுசு என்பது அம்மாவின் கட்சி. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகச் செருமினார். ‘க்ஹும்’ வந்தது. பெருமூச்சும் வந்தது.

“சரின்னு சொல்லு” என்றார். “நான் விழறேன். நீ எப்புடி ஓடுறேன்னு பாப்பம்.”

புதிய மேடையின் படத்தைத் தம்பி வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். நல்ல மேடை. இறங்குவதற்கு ஒரே ஒரு படிக்கட்டுதான் வைத்திருக்கிறார்கள், அதுவும் அப்பா நிற்கப் போகிற பக்கம்.